அத்தியாயம் 6: எக்செல் குறிவரைவை அச்சுக்குக் கொண்டுபோதல்

பத்தாங் பெனார், நீலாய், லாபு என்று இரயில் நிலையங்கள் அடுத்தடுத்து வரும் இந்த வட்டாரம் முன்பு பால்மரக் காடாக இருந்தது. பிறகு செம்பனை வந்தது. 1998இல் பக்கத்துச் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறந்தது. செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் பல்கலைக்கழகங்களும் நீலாய் 3 மொத்த விற்பனைக் கடைகளும் எழுந்தன. லயத்தில் பிறந்தவர்கள் இன்று தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். கோவில் திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், தோட்ட வரலாற்று நூல் ஆகியவற்றைத் தொகுப்பவர்களும் அவர்களே.

இத்தகைய மலர்களில் கதையோடு எண்களும் வரும். பள்ளியில் ஆண்டுதோறும் எத்தனை மாணவர்கள் படித்தார்கள், எந்த மாதம் எத்தனை டன் குலை வெட்டினார்கள், எவ்வளவு மழை பெய்தது என்பவற்றை எக்செலில் பட்டைக் குறிவரைவாக வரைந்து, திரையைப் படம்பிடித்து அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறோம். அச்சில் கோடுகள் மங்கிவிடுகின்றன, தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. ஒரு மாதப் பெயரில் பிழை இருந்தாலும் படம் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது.

குறிவரைவைத் திருத்தக்கூடிய வெக்டர் படமாக வரைகலை மென்பொருளுக்கு எடுத்துச் செல்லும் முறையை இந்த அத்தியாயம் படிப்படியாகக் கற்றுத்தருகிறது. எக்செலில் எளிய குறிவரைவு வரையத் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ஒரு விதி

எண்ணைத் திருத்துவது விரிதாளில். தோற்றத்தைத் திருத்துவது வரைகலை மென்பொருளில்.

இந்த அத்தியாயத்தின் எல்லாப் படிகளும் இந்த விதியைச் சார்ந்தவை. வெக்டர் படத்தில் ஒரு பட்டையைச் சுட்டியால் பிடித்து இழுத்து உயரமாக்குவது மிக எளிது. அப்படி இழுத்த கணத்தில் அந்தப் படம் தரவைக் காட்டுவதை நிறுத்திவிடுகிறது. எண் தவறு என்று தெரிந்தால் விரிதாளுக்குத் திரும்பிப் போய், திருத்தி, மறுபடி வெளியே எடுங்கள். பழகிய கைக்கு அது சில நிமிட வேலைதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம் கோட்பாடு

திரைப்பிடிப்பு, பிஎன்ஜி, ஜேபெக் ஆகியவை புள்ளிகளால் ஆன படங்கள். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். மலரின் பக்கத்தில் 16 செ.மீ. அகலத்தில் படம் வர வேண்டுமானால் ஏறக்குறைய 1,890 புள்ளிகள் தேவை. திரையில் 600 புள்ளி அகலமாகத் தெரியும் குறிவரைவைப் படம்பிடித்தால் அது 5 செ.மீ. அகலத்துக்குத்தான் தாங்கும்.

எஸ்விஜி, பிடிஎஃப், ஈஎம்எஃப் ஆகிய வெக்டர் வகைகள் கோடு, வடிவம், எழுத்து ஆகியவற்றைத் தனித்தனிப் பொருள்களாகச் சேமிக்க வல்லவை. அஞ்சலட்டை அளவில் அச்சிட்டாலும் மண்டப வாசலில் தொங்கும் பேனர் அளவில் அச்சிட்டாலும் கூர்மை குறையாது. எஸ்விஜி 2001 முதல் இணையத் தரநிலைகளில் ஒன்றாக இருக்கிறது. பிடிஎஃப் 2008இல் உலகத் தரநிலை ஆனது. அதனால் இந்த இரண்டையும் ஏறத்தாழ எல்லா மென்பொருளும் திறக்கும்.

தேவையானவை

1. விரிதாள் மென்பொருள்: எக்செல், லிப்ரெஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றில் ஒன்று.
2. வரைகலை மென்பொருள்: இந்த அத்தியாயம் இங்க்ஸ்கேப்பைப் பயன்படுத்துகிறது. அது இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இல்லஸ்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.
3. யூனிகோடு தமிழ் எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கும். விண்டோஸில் நிர்மலா இருக்கும். மேக்கில் மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி உண்டு.
4. ஒரு தனிக் கோப்புறை. அதில் விரிதாள், வெளியே எடுத்த மூலப் படம், திருத்திய படம் மூன்றையும் வையுங்கள்.

பயிற்சிக்கான எண்கள்

கீழே உள்ளவை எந்தத் தோட்டத்தின் உண்மைக் கணக்கும் அல்ல. சரிபார்க்க வசதியாக, பயிற்சிக்கென்றே அமைத்தவை.

ஜனவரி 20, பிப்ரவரி 25, மார்ச் 30, ஏப்ரல் 35, மே 40, ஜூன் 35, ஜூலை 45, ஆகஸ்டு 50, செப்டம்பர் 60, அக்டோபர் 55, நவம்பர் 45, டிசம்பர் 30.

இவற்றை இரண்டு நிரல்களில் எழுதி, பட்டைக் குறிவரைவு ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். தலைப்பு: மாதவாரியாகச் செம்பனைக் குலை, டன்னில். மாதப் பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் படி 4இல் வரும்.

உண்மை எண்கள் வேண்டுமானால் நாடளாவிய மாதாந்தரச் செம்பனைக் கணக்கை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடுகிறது. மக்கள்தொகை போன்றவற்றுக்குப் புள்ளியியல் துறையின் ஓபன்டோசம் தளத்தில் தரவைக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒரு தோட்டத்தின் சொந்தக் கணக்குக்கு அந்தத் தோட்ட அலுவலகத்தின் அனுமதி தேவை.

படி 1: விரிதாளிலேயே குறிவரைவைத் தயார்செய்தல்

வெளியே எடுத்த பிறகு பாடுபடுவதைவிட உள்ளே இருக்கும்போதே சுத்தம் செய்வது நல்லது.

1. இறுதி அளவை முதலிலேயே கொடுங்கள். குறிவரைவின் வெளி விளிம்பைச் சொடுக்கி, ‘ஃபார்மட்’ பட்டியில் அகலம் 16 செ.மீ., உயரம் 9 செ.மீ. என்று எழுதுங்கள். எழுத்தின் அளவும் கோட்டின் தடிமனும் அச்சில் எப்படி வரும் என்று அப்போதே தெரிந்துவிடும்.
2. பட்டைக் குறிவரைவில் செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்க வேண்டும். 15இல் தொடங்கினால் 20க்கும் 40க்கும் உள்ள வேறுபாடு இரண்டு மடங்குக்குப் பதிலாக ஐந்து மடங்காகத் தெரியும்.
3. முப்பரிமாணம், நிழல், ஒளிவட்டம், நிறம் படிப்படியாக மாறும் பூச்சு எல்லாவற்றையும் நீக்குங்கள். வெளியே எடுக்கும்போது இவை புள்ளிப் படமாக மாறிவிடலாம்; அல்லது நூற்றுக்கணக்கான துண்டுகளாக உடைந்துவிடலாம்.
4. குறிவரைவின் பின்னணிக்கு ‘நோ ஃபில்’ கொடுங்கள். பின்னால் ஒளிந்துகொள்ளும் வெள்ளைச் செவ்வகம் ஒன்று குறையும்.
5. எல்லா எழுத்துக்கும் ஒரே யூனிகோடு எழுத்துருவைக் கொடுங்கள்.
6. கணக்கு இல்லாத மாதத்தின் கட்டத்தைக் காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள். வெட்டு நடக்கவில்லை என்பது வேறு, கணக்கு கிடைக்கவில்லை என்பது வேறு. அப்படிப்பட்ட மாதம் இருந்தால் படத்தின் அடியில் ஒரு குறிப்பு எழுதுங்கள்.

உதவிக்குறிப்பு: பழைய மலர்களின் கோப்புகளில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இருக்கலாம். அவற்றிலிருந்து ஒட்டிய மாதப் பெயர்கள் எழுத்துரு மாறியதும் பொருளற்ற குறிகளாகிவிடும். அவற்றை விரிதாளிலேயே யூனிகோடில் மறுபடி தட்டச்சிடுங்கள்.

படி 2: வெளியே எடுத்தல்

உங்களிடம் எது இருக்கிறதோ அந்த வழியைப் பாருங்கள். மற்றவற்றைத் தாண்டிச் செல்லலாம்.

வழி அ: புதிய எக்செல்

1. குறிவரைவின் வெளி விளிம்பில் வலது பொத்தானைச் சொடுக்குங்கள். உள்ளே சொடுக்கினால் ஒரு பட்டையோ அச்சோ மட்டும் தேர்வாகிவிடும்.
2. ‘சேவ் அஸ் பிக்சர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. கோப்பு வகைப் பட்டியலில் எஸ்விஜியைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பட்டியலில் எஸ்விஜி இல்லையென்றால் உங்களுடையது பழைய பதிப்பு. வழி ஆ உங்களுக்குரியது.

வழி ஆ: பழைய எக்செல்

1. குறிவரைவைச் சொடுக்கித் தேர்வு செய்யுங்கள்.
2. ‘சேவ் அஸ்’ சென்று வகையாகப் பிடிஎஃப்பைத் தேர்ந்தெடுங்கள்.
3. ‘ஆப்ஷன்ஸ்’ சன்னலில் தேர்ந்தெடுத்த குறிவரைவு மட்டும் என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தாள் முழுவதும் வெளியே போகும்.

விண்டோஸில் ஈஎம்எஃப் என்னும் வகையும் உண்டு. குறிவரைவை நகலெடுத்து, பவர்பாயிண்டில் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ வழியே ‘என்ஹான்ஸ்டு மெட்டாஃபைல்’ என ஒட்டி, அங்கிருந்து படமாகச் சேமிக்கலாம். கோடும் பட்டையும் நன்றாக வரும். தமிழ் எழுத்து கலைய வாய்ப்பு அதிகம். மற்ற வழிகள் அடைபட்டால் மட்டும் இதற்கு வாருங்கள்.

வழி இ: லிப்ரெஆபிஸ் கால்க்

1. குறிவரைவை ஒரே ஒரு முறை சொடுக்குங்கள். இரண்டு முறை சொடுக்கினால் திருத்தும் நிலைக்குள் போய்விடும், பட்டியலும் மாறிவிடும்.
2. வலது பொத்தான் பட்டியலில் ‘எக்ஸ்போர்ட் அஸ் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. வகை: எஸ்விஜி.

வழி ஈ: கூகுள் ஷீட்ஸ்

1. குறிவரைவின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்குங்கள்.
2. ‘டவுன்லோடு’ பட்டியலில் எஸ்விஜியைத் தேர்ந்தெடுங்கள்.
3. கைப்பேசிச் செயலியில் இந்தத் தேர்வைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கணினியின் உலாவியில் செய்யுங்கள்.

எது சிறந்தது? முதல் தேர்வு எஸ்விஜி. இரண்டாவது பிடிஎஃப். மூன்றாவது ஈஎம்எஃப்.

எடுத்தது உண்மையிலேயே வெக்டர்தானா என்று இப்போதே சோதியுங்கள். கோப்பைத் திறந்து பல மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாகவே இருந்தால் சரி. படிக்கட்டாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது புள்ளிப் படம். பெயரில் எஸ்விஜி என்று இருப்பது மட்டும் போதாது. எஸ்விஜி கோப்புக்குள்ளும் புள்ளிப் படத்தைப் பொதிந்து வைக்க முடியும்.

படி 3: இங்க்ஸ்கேப்பில் திறந்து பிரித்தல்

1. ‘ஃபைல்’, ‘ஓப்பன்’ வழியே கோப்பைத் திறக்கவும். பிடிஎஃப் என்றால் இடையில் ஒரு சன்னல் வரும். அதில் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து ஒப்புதல் கொடுங்கள்.
2. உடனே புதிய பெயரில் சேமியுங்கள். எடுத்துக்காட்டாக, குலை_திருத்தம்_1. மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.
3. எல்லாவற்றையும் தேர்வு செய்ய கண்ட்ரோல் + ஏ. குழுவைப் பிரிக்க கண்ட்ரோல் + ஷிப்ட் + ஜி. குழுவுக்குள் குழு பல அடுக்காக இருக்கும். ஒவ்வொரு முறை பிரித்ததும் ஒரு பட்டையைச் சொடுக்கி, சன்னலின் அடியில் உள்ள நிலைப்பட்டியைப் பாருங்கள். குழு என்று காட்டுவது நின்று, செவ்வகம் அல்லது பாதை என்று காட்டினால் நிறுத்துங்கள்.
4. பொருள் தேர்வாகிறது, ஆனால் அதன் ஒரு பகுதி மறைந்திருக்கிறது என்றால் அது வெட்டுச் சட்டத்துக்குள் இருக்கிறது. ‘ஆப்ஜெக்ட்’, ‘கிளிப்’, ‘ரிலீஸ்’ கொடுங்கள். சட்டமாக இருந்த செவ்வகம் வெளியே வந்து நிற்கும். அதை அழியுங்கள்.
5. ‘வியூ’ பட்டியலில் ‘அவுட்லைன்’ காட்சிக்கு மாறுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெள்ளைச் செவ்வகங்கள் எல்லாம் கோடாகத் தெரியும். தேவையற்றவற்றை அழித்துவிட்டு வழக்கமான காட்சிக்குத் திரும்புங்கள்.
6. இப்போது பொருள்களை வகைப்படுத்துங்கள். பட்டைகள் ஓர் அடுக்கு, அச்சும் கட்டக் கோடுகளும் ஓர் அடுக்கு, எழுத்து ஓர் அடுக்கு. ‘லேயர்ஸ்’ பலகையில் பெயரையும் தமிழிலேயே எழுதலாம்.
7. பட்டைகள் இருக்கும் அடுக்கைப் பூட்டுங்கள். நிறத்தையோ படத்தின் அளவையோ மாற்றும்போதும் பட்டையை அளந்து பார்க்கும்போதும் மட்டும் திறங்கள்.

இந்தப் பூட்டும் வேலையைத் தவிர்க்காதீர்கள். எழுத்தை நகர்த்தும்போது கை தவறி ஒரு பட்டை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண் அதைப் பிடிக்காது. பூட்டு பிடித்துக்கொள்ளும்.

உதவிக்குறிப்பு: ஒரே ஒரு நிறத்தை மாற்றத்தான் வந்தீர்கள் என்றால் குழுக்களைப் பிரிக்க வேண்டாம். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சொடுக்கினால் குழுவுக்குள் இருக்கும் தனிப் பொருள் தேர்வாகும்.

படி 4: தமிழ் எழுத்தைக் காப்பாற்றுதல்

தமிழில் வேலை செய்பவருக்கு இதுவே முக்கியமான படி. ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது.

எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களில் மெய்க்கு இடப்பக்கம் ஒரு குறி நிற்கிறது. ஆனால் யூனிகோடில் அந்தக் குறி மெய்க்குப் பிறகுதான் சேமிக்கப்படுகிறது. படம் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இந்த வரிசை குழம்பினால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும்.

பன்னிரண்டு மாதப் பெயர்களில் நான்கில் இந்தச் சிக்கல் வரக்கூடும்: மே, ஜூலை, செப்டம்பர், அக்டோபர். படத்தைத் திறந்ததும் இந்த நான்கையும் பாருங்கள். நான்கும் சரியாக இருந்தால் மாதப் பெயர்களைப் பற்றிய கவலை முடிந்தது. அடுத்து தலைப்பில் உள்ள ‘செம்பனை’, ‘குலை’ இரண்டையும் பாருங்கள்.

கலைந்திருந்தால் செய்ய வேண்டியவை:

1. கலைந்த சொல்லைத் துண்டு துண்டாகச் சரிசெய்ய முயலாதீர்கள். முழுவதையும் அழியுங்கள்.
2. எழுத்துக் கருவியை எடுத்து அதே இடத்தில் யூனிகோடில் புதிதாகத் தட்டச்சிடுங்கள்.
3. கண்ட்ரோல் + ஷிப்ட் + டி அழுத்தி எழுத்துருவையும் அளவையும் கொடுங்கள். மலரில் குறிவரைவின் எழுத்து 8 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். வயதானவர்களும் படிப்பார்கள்.
4. ஒரு மாதத்தைச் சரிசெய்ததும் அதை நகலெடுத்து மற்ற மாதங்களுக்கு வைத்து, சொல்லை மட்டும் மாற்றுங்கள். ‘அலைன்’ பலகையில் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்துங்கள்.

இல்லஸ்ட்ரேட்டர் பயன்படுத்துபவர்களுக்கு: அமைப்புகளில் ‘டைப்’ பகுதிக்குச் சென்று இந்திய மொழிகளுக்கான தேர்வை இயக்குங்கள். பிறகு ‘பாரகிராஃப்’ பலகையில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாமல் தட்டச்சிட்டால் சரியான சொல்லும் கலைந்தே தெரியும்.

எழுத்துக்களைப் பாதையாக, அதாவது வெறும் வடிவமாக, மாற்றுவது கடைசி வேலை. பாதையாக மாறிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. அதனால் எழுத்து உயிரோடு இருக்கும் கோப்பை ஒரு பெயரிலும், பாதையாக மாற்றியதை இன்னொரு பெயரிலும் சேமியுங்கள்.

படி 5: தோற்றத்தைச் சீர்செய்தல்

நிறம். ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்து, ‘எடிட்’ பட்டியலில் ‘செலக்ட் சேம்’ வழியே அதே நிறத்தில் உள்ளவை எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்வு செய்யுங்கள். பிறகு கண்ட்ரோல் + ஷிப்ட் + எஃப் பலகையில் நிறத்தை மாற்றுங்கள். சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். மலர் கறுப்பு வெள்ளையில் அச்சாகுமானால் வெளிர்சாம்பல், அடர்சாம்பல் என்று நன்றாக விலகி நிற்கும் இரண்டு நிறங்கள் போதும்.

கோடு. அச்சுக் கோடு 0.5 பாயிண்ட், கட்டக் கோடு 0.25 பாயிண்ட். அதற்கும் மெல்லியதாக வைத்தால் அச்சில் விட்டுவிட்டு வரலாம்.

பெயர்ச்சீட்டு. நிறப் பெட்டிகளை ஒரு மூலையில் அடுக்கி வாசகரை முன்னும் பின்னும் பார்க்க வைப்பதைவிட, பெயரை அந்தந்தப் பட்டைக்கு அருகிலேயே எழுதுங்கள். விரிதாளில் சிரமமான இந்த வேலை இங்கே எளிது.

அளவு. படத்தைச் சிறிதாக்க வேண்டுமானால் பூட்டைத் திறந்து, எல்லா அடுக்குகளிலும் உள்ளவற்றைத் தேர்வு செய்து, கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மூலையிலிருந்து இழுங்கள். அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் மாறும். அகலத்தை மட்டும் நெருக்கினால் எழுத்து ஒடுங்கிப்போகும். விகிதமே மாற வேண்டும் என்றால் படி 1க்குத் திரும்பிச் சென்று விரிதாளில் அளவை மாற்றுங்கள்.

குறிப்பு வரி. படத்துக்கு அடியில் தரவு எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டுக்கு உரியது, அலகு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். அலகு இல்லாத குலைக் கணக்கு டன்னா கிலோவா என்று யாருக்கும் தெரியாது.

படி 6: படம் தரவோடு பொருந்துகிறதா?

அச்சுக்கு அனுப்புமுன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள்.

1. பட்டை அடுக்கின் பூட்டைத் திறந்து, பட்டைகளின் வெளிக்கோட்டை நீக்குங்கள். கோட்டின் தடிமனும் உயரத்தில் சேர்ந்து அளவைக் குழப்பும்.
2. அலகை மில்லிமீட்டராக மாற்றி, ஒரு பட்டையைச் சொடுக்குங்கள். மேல் பட்டியில் ‘ஹெச்’ பெட்டியில் அதன் உயரம் தெரியும்.
3. பயிற்சி எண்களில் ஜனவரி 20, மே 40, செப்டம்பர் 60. ஆகவே மே மாதப் பட்டை ஜனவரியைப் போல இரண்டு மடங்கும் செப்டம்பர் மூன்று மடங்கும் இருக்க வேண்டும். ஜனவரி 18 மி.மீ. என்றால் மே 36, செப்டம்பர் 54.
4. பொருந்தவில்லை என்றால் எந்தப் பட்டை நகர்ந்தது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். மூலக் கோப்பிலிருந்து பட்டைகளை மறுபடி கொண்டுவந்து வையுங்கள்.

உங்கள் உண்மைத் தரவிலும் இதே போல ஒன்றுக்கொன்று எளிய விகிதத்தில் அமைந்த மூன்று எண்களைத் தேர்ந்தெடுத்து அளந்து பாருங்கள்.

படி 7: அச்சகத்துக்கு அனுப்புதல்

1. ‘டாகுமெண்ட் பிராப்பர்ட்டீஸ்’ சன்னலில் பக்கத்தின் அளவைப் படத்தின் அளவுக்குச் சுருக்குங்கள். இல்லாவிட்டால் ஏ4 தாளின் ஒரு மூலையில் படம் உட்கார்ந்திருக்கும்.
2. ‘சேவ் அஸ்’ வழியே பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். அப்போது வரும் சன்னலில் எழுத்தைப் பாதையாக மாற்றும் தேர்வைக் கொடுங்கள். அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் பாதிப்பு வராது.
3. இங்க்ஸ்கேப் திரைக்குரிய ஆர்ஜிபி நிறத்தில் வேலை செய்கிறது. அச்சு சிஎம்ஒய்கே நிறத்தில் நடக்கிறது. பளிச்சென்ற பச்சையும் ஊதாவும் அச்சில் மங்கும். நிறத்தை மாற்றித்தரும்படியும், எழுத்தின் கறுப்பு ஒற்றைக் கறுப்பு மையில் வரும்படியும் அச்சகத்தாரிடம் சொல்லுங்கள்.
4. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் புள்ளிப் படமாகிவிடும். இதுவரை செய்த வேலை வீணாகும்.
5. தாளில் ஒரு மாதிரி அச்சு கேட்டு வாங்கி, மே, ஜூலை, செப்டம்பர், அக்டோபர் நான்கையும் இன்னொரு முறை பாருங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

அறிகுறி: பட்டையைச் சொடுக்கினால் படம் முழுவதும் தேர்வாகிறது.
தீர்வு: குழு இன்னும் பிரியவில்லை. கண்ட்ரோல் + ஷிப்ட் + ஜி மறுபடி அழுத்துங்கள். அப்போதும் பிரியாவிட்டால் உள்ளே இருப்பது புள்ளிப் படம். படி 2க்குத் திரும்புங்கள்.

அறிகுறி: நிறம் மாற்றினால் பட்டைக்குப் பதிலாகப் பின்னணி நிறம் மாறுகிறது.
தீர்வு: முன்னால் ஒரு நிறமற்ற செவ்வகம் நிற்கிறது. அவுட்லைன் காட்சியில் கண்டுபிடித்து அழியுங்கள்.

அறிகுறி: படத்தைச் சிறிதாக்கியதும் கோடுகள் தடித்துத் தெரிகின்றன.
தீர்வு: அளவு மாறும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து மாற வேண்டும் என்ற தேர்வு அணைந்திருக்கிறது. தேர்வுக் கருவியின் மேல் பட்டியில் அதற்குரிய பொத்தானை இயக்குங்கள்.

அறிகுறி: உங்கள் கணினியில் சரியாக இருந்த தமிழ் வேறொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.
தீர்வு: அங்கே எழுத்துரு இல்லை. எழுத்தைப் பாதையாக மாற்றிய பிரதியை அனுப்புங்கள்.

அறிகுறி: ஓர் எண் மாறியது, செய்த அலங்காரம் எல்லாம் வீணாகிறது.
தீர்வு: எழுத்தும் குறிப்பும் தனி அடுக்கில் இருந்தால் வீணாகாது. புதிய படத்திலிருந்து பட்டை அடுக்கை மட்டும் எடுத்து மாற்றுங்கள். செங்குத்து அச்சின் எல்லை மாறியிருந்தால் அச்சையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பாதுகாப்பு

மற்றவர் விவரம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எக்செல் குறிவரைவை வேர்டிலோ பவர்பாயிண்டிலோ சாதாரணமாக ஒட்டும்போது, ஒட்டும் முறையைப் பொறுத்து, விரிதாள் முழுவதும் அதற்குள் பொதிந்து போய்விடலாம். செக்ரோல் எனப்படும் தோட்டச் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுத்த கணக்கும் அடையாள அட்டை எண்களும் மாணவர் பெயர்ப்பட்டியலும் அடுத்த தாளில் இருந்தால், குறிவரைவைப் பெற்றவர் அவற்றையும் திறந்து பார்க்க முடியும். இரண்டு தடுப்புகள் போதும். குறிவரைவுக்குத் தேவையான கூட்டுத்தொகைகளை மட்டும் புதிய விரிதாளுக்கு எடுத்து அங்கேயே வரையுங்கள். ஒட்டும்போது படமாக ஒட்டுங்கள்.

சிறிய எண்களில் கவனம். ஒரு வகுப்பில் இரண்டே மாணவர்கள் என்றால் அவர்களது தேர்ச்சி விழுக்காட்டைக் குறிவரைவில் போடுவது பெயரைச் சொல்வதற்குச் சமம். பல வகுப்புகளைச் சேர்த்து ஒரே பட்டையாகக் காட்டுங்கள்.

மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இங்க்ஸ்கேப் எப்போதும் இலவசம். பணம் கேட்கும் தளமும், கூடவே வேறு செயலியைத் திணிக்கும் தளமும் வேண்டாம்.

முன்பின் தெரியாதவர் அனுப்பிய எஸ்விஜி கோப்பை உலாவியில் திறக்காதீர்கள். எஸ்விஜிக்குள் இயங்கும் நிரல் இருக்க முடியும்.

பிரதி எடுங்கள். கோப்புறையைப் பெண்டிரைவில் ஒன்றும் இணையச் சேமிப்பில் ஒன்றுமாக வையுங்கள்.

அனுப்புமுன் இறுதிப் பட்டியல்

1. விரிதாளின் எண்களை மூலப் பதிவேட்டோடு இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்த்தாரா?
2. செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா?
3. மூன்று பட்டைகளை அளந்து விகிதம் பார்த்தீர்களா?
4. மே, ஜூலை, செப்டம்பர், அக்டோபர் சரியா?
5. அலகு, ஆண்டு, தரவின் மூலம் மூன்றும் படத்துக்கு அடியில் உள்ளனவா?
6. எழுத்து உயிரோடு உள்ள கோப்பு தனியாக இருக்கிறதா?
7. சம்பளமோ அடையாள எண்ணோ பெயரோ எந்தக் கோப்பிலும் ஒளிந்திருக்கவில்லையே?

ஏழுக்கும் விடை சரியென்றால் அனுப்பலாம்.

நீலாய் வட்டாரத்தில் தோட்ட நிலம் வேறு கைக்கு மாறும்போது அலுவலகப் பதிவேடுகள் எங்கே போகும் என்பதற்கு உறுதி இல்லை. இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகளுக்கும் அதே நிலைதான். மலரில் அச்சாகும் ஒரு சரியான குறிவரைவு அந்த எண்களில் ஒரு பகுதியையாவது காப்பாற்றும். ஆகவே மலர் வெளிவந்ததும் விரிதாள், மூலப் படம், திருத்திய படம் மூன்றையும் கோவில் குழுவிடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ ஒப்படையுங்கள். பதிவேடு எங்கே கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அடுத்த மலரைத் தொகுப்பவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும்.